எழுஞாயிற்று மனை: ஒரு கதைப்பாடலின் கைமாற்ற வரலாறு

1964 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்திலே கொலம்பியா முத்திரையுடன் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. நியூகாசில் நகரத்து இளைஞர் ஐவரைக் கொண்ட 'அனிமல்ஸ்' என்னும் குழு பாடி இசைத்த 'த ஹவுஸ் ஒவ் த றைசிங் சன்' என்ற பாடல் அதிலே பதிவாகியிருந்தது. தட்டின் நடுவே ஒட்டப்பட்ட வட்டச் சிட்டையில், பாடல் மரபுவழி வந்தது என்றும், அதன் இசையை ஒழுங்கமைத்தவர் பிரைஸ் என்றும் மிகச் சுருக்கமாக அச்சிடப்பட்டிருந்தது. பிரைஸ் என்பவர் அக்குழுவிலே மின் ஓகன் வாசித்த அலன் பிரைஸ் ஆவார். 'மரபு' என்ற ஒரு சொல்லுக்கும் 'பிரைஸ்' என்ற ஒரு பெயருக்கும் இடையே பலர் மறைந்துபோயினர். அவர்களிற் சிலரை மீண்டும் இனங்காண்பதும், ஒரு மக்கட்பாடல் விற்பனைப் பண்டமாக மாறும்பொழுது எவை தங்குகின்றன, எவை உதிர்கின்றன என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடலின் பெயரைத் தமிழிலே 'எழுஞாயிற்று மனை' எனலாம். நியூ ஓர்லியன்ஸ் நகரிலே அப்பெயருடைய ஒரு மனை உண்டு. அது ஏழைகள் பலரின் வாழ்வைக் குலைத்தது. குலைந்தோருள் தானும் ஒருவர் எனப் பாடுபவர் கூறுகிறார். தாய் தையல் வேலை செய்பவள். காதலன் குடிகாரன், அல்லது சூதாடி. தன் தங்கையை அந்த மனையை அணுகாது காக்கும்படி பாடுபவர் வேண்டுகிறார். ஒரு கால் புகையிரத மேடையிலும் மறுகால் வண்டியிலுமாக, அந்த மனைக்கே மீண்டு சென்று விலங்கை அணியப்போவதாகக் கூறி முடிக்கிறார். கதை என்று சொல்லத்தக்கது இவ்வளவே. அங்கே நடந்தது யாது என்பதைப் பாடல் ஓரிடத்திலும் விரித்துரைப்பதில்லை. கேட்பவர்க்கு அது தெரியும் என்ற துணிவிலே அது பாடப்படுகிறது. மக்கட்பாடல்களின் பொதுவியல்பு அது.

இவ்விடத்திற் சொல்லாட்சி பற்றி ஒரு விளக்கம் வேண்டும். றொக் இசை வணிகத்தில் 'பலட்' என்றால் மெதுவாகப் பாடப்படும் உணர்ச்சி மிகுந்த பாடல் என்பது பொருள். நாட்டாரியல் ஆய்வாளர்க்கோ அது கதைப்பாடலைக் குறிக்கும் கலைச்சொல். 1882 தொடக்கம் 1898 வரை பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்து வெளியிட்ட 305 ஆங்கில, ஸ்கொத்லாந்துக் கதைப்பாடல்களே அத்துறைக்கு அடித்தளமாயின. இவ்விரு பொருளிலும் 'பலட்' எனத்தகும் பாடல்கள் மிகச் சிலவே. எழுஞாயிற்று மனை அவற்றுள் ஒன்று. சொல் ஒன்றாக இருப்பினும் அதன் ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குப் பாடல் சென்று சேர்ந்த வழி நீண்டது.

பாடலின் தோற்றம் பற்றி உறுதியாகக் கூறத்தக்கவை சிலவே. இன்று அறியப்பட்ட பழைய அச்சுச் சான்று 1925 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'அட்வென்ச்சர்' என்ற சஞ்சிகையிலே றொபேட் வின்ஸ்லோ கோர்டன் பழம்பாடல்கள் பற்றி ஒரு பகுதி நடத்திவந்தார். வாசகர்கள் தாம் கேட்டறிந்த பாடல்களை அவருக்கு எழுதியனுப்புவர். அவ்வாறு வந்து சேர்ந்த ஒரு பாடமே இது. கோர்டன் பின்னர் 1928 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நிறுவப்பட்ட நாட்டார் பாடற் காப்பகத்தின் முதற் பொறுப்பாளரானார். அவர் வெளியிட்ட பாடத்தில் துயருரைப்பவள் ஒரு பெண் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் இது நமக்கு வேண்டப்படும்.

முதல் ஒலிப்பதிவு 1933 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்தது. கிளாரன்ஸ் அஷ்லி என்ற மலைநாட்டுப் பாடகரும் குவென் பொஸ்ரர் என்ற வாத்தியக்காரரும் சேர்ந்து 'வொக்கேலியன்' நிறுவனத்துக்காக இதனைப் பதிவு செய்தனர். 1895 இற் பிறந்த அஷ்லி, இப்பாடலைத் தம் பாட்டனாரிடம் கற்றதாகப் பின்னாளிற் கூறினார். அது மெய்யாயின் பாடல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது என்று கொள்ள இடமுண்டு. அஷ்லியின் தொழிலையும் இங்கு நோக்கவேண்டும். ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் நாடோடிக் குழுக்களிலே கூட்டஞ் சேர்ப்பதற்காகப் பாடியவர் அவர். மருந்தின் குணம் எத்தகையதோ நாமறியோம். ஆனால் அந்த வண்டிகள் பாடல்களை மலைக்கு மலை காவிச் சென்றன என்பதில் ஐயமில்லை. இவ்வாறு ஒரு பாடலை 'மரபு' என்று நாம் அழைப்பதற்கு முன்னரே அது கூலிக்குப் பாடுவோரின் கைகளில் இருந்தது. மக்கட்பாடல் தூய்மையான கிராமத்தில் தானாக விளைந்து, நகரத்து வணிகரால் முதன்முறையாகக் களங்கப்பட்டது என்ற புனைவியற் கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை.

அஷ்லியின் பாடத்தில் அழிந்துபோனவன் ஓர் ஆண். 1935 இல் கலகன் சகோதரர் பதிவுசெய்த வடிவமும் ஊதாரியான ஓர் ஆணின் கதையே. ஆதலால் பெண்ணின் பாடலை 1964 இல் அனிமல்ஸ் குழுவினரே முதன்முதலாக ஆணின் பாடலாக்கினர் என்று பலரும் எழுதிவருவது பொருந்தாது. இரு பாடங்களும் அருகருகே வழங்கின. எது மூத்தது என்பதைச் சான்றுகளைக் கொண்டு துணிய முடியாது. எனினும் தங்கைக்கு விடுக்கும் எச்சரிக்கை பாடலின் உயிர்நிலையாதலின், பெண் பாடமே கதையின் உள்ளமைப்புக்கு இயைபுடையது என்பது எமது கருத்து. தம்பிக்கு எச்சரிக்கை கூறும் பாடத்தில் அவ்வாசகம் ஒரு நல்லுரையாகவே நின்றுவிடுகிறது.

இனி 1937 ஆம் ஆண்டுக்கு வருவோம். காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் பாடற் காப்பகத்திற் பணியாற்றிய அலன் லோமாக்ஸ், தம் மனைவி எலிசபெத்துடன் அவ்வாண்டு கென்ரக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியிலே பாடல் சேகரித்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது 22. ஒலியை நேரே வட்டிற் பொறிக்கும் பாரமான கருவியை மோட்டார் வண்டியிலே கொண்டு சென்றார். செப்டெம்பர் 15 ஆம் திகதி மிடில்ஸ்பறோ நகரில், ரில்மன் கேடில் என்ற தொழிற்சங்கவாதியின் வீட்டில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜோர்ஜியா ரேணர் என்ற 16 வயதுப் பெண் இப்பாடலைப் பாடினாள். அடுத்த சில வாரங்களில் அதே பகுதியிலே பேட் மார்ட்டின், டோ ஹென்சன் என்போரும் இதனைப் பாட லோமாக்ஸ் பதிவுசெய்தார். ஆக, ஒரு பயணத்தில் மூன்று பாடங்கள். அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் பாடல் எவ்வளவு பரவலாக வழங்கியது என்பதற்கு இது சான்று.

மிடில்ஸ்பறோவின் வரலாறு சற்றுத் தரித்து நோக்கற்பாலது. 1880களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ஆர்தர் என்பவர் ஆங்கிலேய மூலதனத்தைக் கொண்டு உருவாக்கிய நகர் அது. நிலக்கரியும் இரும்பும் அருகருகே கிடைப்பதால் அங்கே ஒரு பெரும் உருக்குத் தொழில் நகரை எழுப்பலாம் என்று எதிர்பார்த்து, வடகிழக்கு இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகராகிய மிடில்ஸ்பறோவின் பெயரையே அதற்கும் சூட்டினர். 1890 இல் லண்டனிலே பெயரிங் வங்கி நெருக்கடிக்குள்ளானபொழுது அந்தக் கனவும் சரிந்தது. எஞ்சியது நிலக்கரியும் அதனைத் தோண்டிய மக்களும். 1930களின் தொடக்கத்திலே அயலிலுள்ள ஹார்லன் மாவட்டத்திற் சுரங்கத் தொழிலாளரும் உடைமையாளரும் ஆயுதந் தாங்கி மோதினர். லோமாக்ஸ் ஒரு தொழிற்சங்கவாதியின் வீட்டிலே பதிவுக் கருவியை இறக்கியது தற்செயலன்று. அந்தப் பகுதியில் அந்நியர்க்குக் கதவு திறந்தோர் அத்தகையோரே. இங்கிலாந்தின் மிடில்ஸ்பறோ நகரிலிருந்து நியூகாசில் அதிக தூரத்தில் இல்லை என்பதையும் வாசகர் நினைவிற் கொள்வாராக. நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்தில் எழுதப்பட்ட பாடம், 27 ஆண்டுகளின் பின், நிலக்கரியை நம்பி வாழ்ந்த இன்னொரு சமூகத்து இளைஞர்களாலே உலகெங்கும் ஒலித்தது.

ஜோர்ஜியாவின் பாடத்திற் பேசுபவள் பெண். அவளைக் கெடுத்தவன் குடிகாரக் காதலன். தாய் நீல ஜீன்ஸ் தைத்து விற்பவள். இந்த நீல உடையைக் கொண்டு பாடலின் காலத்தைக் கணிக்கச் சிலர் முயன்றுள்ளனர். லீவை ஸ்ட்ராஸ், ஜேக்கப் டேவிஸ் என்போர் செப்பு ஆணியிட்ட காற்சட்டைக்கு உரிமை பெற்றது 1873 இல். எனவே பாடல் அதற்குப் பிற்பட்டது என்பது அவர் வாதம். ஜீன் என்ற துணி அதற்கு வெகு முன்னரே வழங்கியதாலும், ஒரு வரியின் காலம் முழுப் பாடலின் காலமாகாது என்பதாலும் இவ்வாதம் நில்லாது. வாய்மொழிப் பாடலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வயதுண்டு.

மனை எது என்ற தேடலும் ஏறக்குறைய இத்தன்மையதே. நியூ ஓர்லியன்சின் கொன்ரி வீதியில் இதே பெயருடன் ஒரு விடுதி இருந்து 1822 இல் தீக்கிரையானது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவ்விடம் அகழப்பட்டபொழுது முகச்சாயச் சிமிழ்கள் கிடைத்தமை பெரிதாகப் பேசப்பட்டது. பெண்கள் சிறைச்சாலை ஒன்றன் வாயிலைச் சுட்டுவோரும் உளர். பாடலின் முடிவிலே வரும் விலங்கு அவர்க்கு ஆதாரம். இங்கிலாந்தில் இப்பெயரிலே மதுச்சாலைகள் பல உண்டு என்பதால், பாடல் கடல் கடந்து வந்ததென்றும், ஊர்ப் பெயர் பின்னரே புகுந்ததென்றும் கூறுவர். இவற்றுள் எதையும் நிறுவச் சான்று போதாது. நிறுவினாலும் பெரும்பயன் விளையாது. மிசிசிப்பி ஆற்றின் முகத்திலே கப்பற் பயணிகளும் சூதாடிகளும் கூலியாட்களும் குவிந்த அத்துறைமுக நகரில், 1897 தொடக்கம் 1917 வரை பரத்தமைத் தொழிலுக்கென ஒரு பகுதியே நகராட்சியால் வரையறுக்கப்பட்டிருந்தது. ஸ்ரோறிவில் என அது வழங்கியது. அத்தகைய நகரில் ஒரு மனையைத் தேடுவானேன்? பாடியோரிற் பெரும்பாலோர் அந்நகரைக் கண்டிருக்கமாட்டார்கள் என்பதே நமக்கு முக்கியமானது. மலைநாட்டு ஏழைக்கு நியூ ஓர்லியன்ஸ் ஓர் ஊரன்று. புகையிரதப் பாதை போய் முடியும் இடத்தில் தம் பிள்ளைகளை விழுங்கக் காத்திருக்கும் நகரம் என்ற அச்சத்தின் பெயர். ஊரில் நிலமும் சுரங்கமும் சோறிடாதபோது பிள்ளைகள் அப்பாதை வழியே சென்றனர்.

லோமாக்சும் அவர் தந்தையாரும் 1941 இல் வெளியிட்ட 'அவர் சிங்கிங் கன்ட்றி' என்ற தொகுப்பிலே இப்பாடல் இடம்பெற்றது. சொற்கள் ஜோர்ஜியா ரேணருடையவை என்றும், சில கண்ணிகள் மார்ட்டினிடம் பெறப்பட்டவை என்றும் அங்கே குறிக்கப்பட்டது. பாடியவரின் பெயரை அச்சிலே பொறித்தமைக்காகத் தொகுப்பாளர் பாராட்டுக்குரியர். ஆயினும் நூல் பதிப்புரிமைக்குட்பட்டது. அவ்வுரிமை தொகுப்பாளருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. பெயர் பாடியவளுக்கு, உரிமை சேகரித்தவருக்கு என்ற இப்பங்கீடு, சேகரிப்பாளரின் நல்லெண்ணத்தையோ தீயெண்ணத்தையோ பொறுத்ததன்று. சட்டம் எழுத்தை அறியும்; வாய்மொழியை அறியாது. எழுதிக்கொண்டவரே ஆக்கியோன் என்ற நிலை அதன் இயல்பான விளைவு.

அந்த நூல் வெளிவந்த காலத்தில் நியூயோர்க் நகரிலே இடதுசாரிக் கருத்துடைய பாடகர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. 1941 இல் 'அல்மனாக் சிங்கர்ஸ்' குழுவின் தொகுப்பொன்றில் வூடி கத்ரி இதனைப் பாடினார். அடுத்து வந்த ஜோஷ் வைற்றின் பங்களிப்பு இன்னும் பெரிது. தென் கரோலினாவிற் பிறந்த கறுப்பினக் கலைஞரான அவர், பாடலை மைனர் சுரநிலைக்கு மாற்றி, மெதுவான, அச்சந்தரும் ஒரு நடையிலே அமைத்தார். அதற்கு முந்திய மலைநாட்டுப் பாடங்களில் மெட்டு இத்தகைய இருண்மை உடையதன்று. துயரத்தைக் கூசாமல், ஏறக்குறைய உற்சாகத்தோடு பாடிச் செல்வது அம்மக்களின் வழக்கம். இன்று உலகம் அறிந்த இருள் பாடலுக்குள் வைற்றின் வழியாகவே வந்தது என்று கூறலாம். 1920களிலேயே இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையரின் பாடல்களுக்கு ஒரு பட்டியலும் கறுப்பரின் பாடல்களுக்கு வேறு பட்டியலும் வகுத்து விற்றன. மக்களோ பாடலை நிறம் பார்த்துக் கற்கவில்லை. வைற் தாம் இதனை ஒரு வெள்ளை இன மலைநாட்டுப் பாடகரிடம் கேட்டறிந்ததாகச் சொன்னார்; அவருக்குக் கற்பித்தது தாமே என்று லோமாக்ஸ் கூறியதுண்டு. மூவருள் யார் யாரிடம் கொண்டார் என்பது ஒருபுறமிருக்க, பாடல் நிறவெல்லையைப் பலமுறை கடந்து மீண்டது என்பது தெளிவு. லெட்பெல்லி என்ற பெரும் பாடகரும் 1940களில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

1950 இல் நிலைமை மாறியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றும் 'சிவப்பர்' எனப்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய 'றெட் சனல்ஸ்' என்ற பிரசுரம் அவ்வாண்டு வெளிவந்தது. லோமாக்ஸ், வைற் ஆகிய இருவர் பெயரும் அதிலே இருந்தன. வைற் அதே ஆண்டில் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழுவின் முன் தோன்றினார். அங்கே அவர் நடந்துகொண்ட முறை பழைய தோழர் பலரை அவரிடமிருந்து பிரித்தது, எனினும் வலதுசாரிகளும் அவரை மன்னித்தாரில்லை. லோமாக்ஸ் இங்கிலாந்துக்குச் சென்று 1958 வரை ஐரோப்பாவிலே தங்கி, பி.பி.சி. நிகழ்ச்சிகளை நடத்தினார். வைற்றும் பிரித்தானியாவிற் பெரும் வரவேற்புப் பெற்றார். அமெரிக்காவின் அரசியல் வேட்டை அமெரிக்க மக்கட்பாடல்களைப் பிரித்தானியத் தொழிலாளர் இளைஞரிடம் சேர்த்த வழிகளுள் ஒன்றாக அமைந்தமை வரலாற்றின் விந்தை. அக்காலத்திலே விலை குறைந்த கிற்றாரும் சலவைப் பலகையும் கொண்டு இசைக்கும் ஸ்கிபிள் மோகம் பிரித்தானியாவெங்கும் பரவியது. அனிமல்ஸ் குழுவினரின் தலைமுறை அதிலிருந்தே எழுந்தது. அக்குழுவின் பாடகர் எரிக் பேர்டன், இப்பாடலை நியூகாசிலிலே ஜொனி ஹாண்டில் என்ற உள்ளூர் நாட்டார் பாடகரிடமே தாம் முதலிற் கேட்டதாகக் கூறியுள்ளார்.

அத்திலாந்திக்கின் மறுகரையில், 1960 இல் ஜோன் பயஸ் தமது முதற்றொகுப்பில் இதனைப் பாடினார். நியூயோர்க்கின் கிறீனிச் விலேஜ் பகுதியிலே டேவ் வான் றொங்க் என்ற பாடகர் இதற்கு ஒரு புதிய சுருதியடுக்கு முறையை வகுத்திருந்தார். அடித்தந்தியின் சுரம் அரை அரைச் சுரமாகக் கீழிறங்க, அதன்மேல் சுருதியடுக்குகள் மாறிச் செல்வது அதன் சிறப்பு. படிக்கட்டில் ஒருவர் இறங்கிச் செல்வது போன்ற உணர்வை அது தரும். கதைக்கு அதனினும் ஏற்ற இசை வேறில்லை. 1961 நவம்பரில் தம் முதற்றொகுப்பைப் பதிவுசெய்த பொப் டிலன், நண்பராகிய வான் றொங்கின் அனுமதியைப் பெறுமுன்னரே இவ்வமைப்பை எடுத்தாண்டார். பதிவு முடிந்த பின்னர் வந்து அனுமதி கேட்டார் என்பது வான் றொங்க் பின்னாளிற் பலமுறை கூறிய செய்தி. 1962 மார்ச்சில் வெளிவந்த அத்தொகுப்பின் உறைக்குறிப்பு, டிலன் இதனை வான் றொங்கிடம் பெற்றதை ஒப்புக்கொள்கிறது. டிலன் அதைப் பெண்ணின் கூற்றாகவே பாடினார் என்பதும் கவனிக்கத்தக்கது. தாமே அமைத்த வடிவத்தைப் பாடும்போது டிலனிடமிருந்து எடுத்தீரோ என்று அவையினர் கேட்டதால் வான் றொங்க் அதைப் பாடுவதை நிறுத்தினார். பிறகு, அனிமல்ஸ் குழுவிடமிருந்து எடுத்தீரோ என்று கேட்கப்பட்டு டிலனும் நிறுத்தினார் என அவர் நகைச்சுவையோடு சொல்வதுண்டு. இச்சிறு கதையில் ஒரு பொருளியல் உண்மை அடங்கியுள்ளது: கூடிய பிரதிகள் விற்றவரே மூலவர் ஆகிறார்.

1964 மே மாதத்தில் அனிமல்ஸ் குழுவினர் சக் பெரியுடன் பிரித்தானியாவிற் சுற்றுப்பயணம் செய்தனர். துள்ளிசையில் பெரியை வெல்ல இயலாதாதலால், அவையின் மனத்திலே தங்கத்தக்க வேறுபட்ட ஒரு பாடலைத் தேடி இதனை எடுத்தனர். மே 18 ஆம் திகதி, பயணத்தின் நடுவே லண்டனுக்கு வந்து, மிக்கி மோஸ்ற்றின் தயாரிப்பில், கிங்ஸ்வேயிலுள்ள டி லேன் லீ ஒலிப்பதிவகத்திலே ஓரிரு தடவைகள் வாசித்த அளவில் பதிவை முடித்தனர். ஹில்ரன் வலன்ரைன் கிற்றாரிலே சுருதியடுக்கின் சுரங்களைத் தனித்தனியே மீட்டித் தொடங்குகிறார். உலகெங்கும் கிற்றார் பயில்வோர் முதலிலே கற்கும் பகுதிகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆறெட்டுத் தாளத்தில் அது சுழல, பேர்டனின் குரல் கீழ் நிலையிலிருந்து கண்ணிக்குக் கண்ணி உயர்ந்து முழக்கமாகிறது. இடையிலே பிரைசின் ஓகன் எழுகிறது. சாஸ் சான்ட்லரின் அடித்தந்தியும் ஜோன் ஸ்ரீலின் முரசும் இவற்றைத் தாங்குகின்றன. இசையாக நோக்கின் இது ஒரு சிறந்த கூட்டுப் படைப்பு. ஒருவரை நீக்கினும் கட்டடம் சரியும்.

அக்காலப் பொப் பாடல்கள் மூன்று நிமிடங்களுக்குள் அடங்கின. இதுவோ நாலரை நிமிடம். பிரித்தானியாவில் முழுமையாகவே வெளிவந்து யூலையில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. அமெரிக்காவிலோ வானொலிக்காகக் கண்ணியொன்றையும் ஓகன் பகுதியிற் பெரும்பங்கையும் வெட்டி, மூன்று நிமிடத்துக்குட் குறுக்கியே முதலில் விற்றனர். விளம்பரங்களுக்கு இடையே பாடல்களை அடுக்குவது வானொலியின் முறையாதலின், பாடலின் நீளத்தை விளம்பரமே வரையறுத்தது. செப்டெம்பரில் அங்கும் முதலிடம். மூன்று வாரம் அந்நிலையிலேயே நின்றது.

சொற்களில் நிகழ்ந்த மாற்றமோ எமது நோக்கில் நிமிட வெட்டினும் பெரிது. பேசுபவர் இளைஞன், கெடுத்தவன் காதலன் அல்லன், சூதாடியான தந்தை. தாய் மட்டும் மாறாது தைத்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணின் உடல் விலைப்படுவதைப் பற்றிய பாடல், தந்தையின் தீயொழுக்கம் மகனைத் தொடர்வதைப் பற்றிய பாடலாயிற்று. மனை பரத்தையர் மனையா, சூதாட்ட விடுதியா, சிறையா என்பது மங்கலாயிற்று. வானொலி நிலையங்கள் பாடலை ஒலிபரப்ப இம்மங்கல் வசதியாக இருந்தது என்பது வெளிப்படை. அதே வேளையில், தந்தையரின் உலகத்தை ஐயுற்ற 1960களின் இளைஞருக்கு இம்மாற்றமே பாடலைத் தம்முடையதாக்கியது என்பதையும் மறுத்தல் கூடாது. அதே 1964 இல் ஜொனி ஹலிடே பிரெஞ்சு மொழியிற் பாடிய வடிவத்திலே மனை வெளிப்படையாகவே சிறைச்சாலையாகிறது. 1980களின் தொடக்கத்தில் டொலி பார்ட்டன் பாடியபொழுதுதான் பெண்ணின் கூற்றும், பரத்தையர் மனை என்ற பொருளும் ஒளிவுமறைவின்றித் திரும்பின. அவரும் அப்பலாச்சிய மலைநாட்டு ஏழைக் குடும்பமொன்றின் மகளே.

இந்த இசைத்தட்டின் தாக்கம் டிலனையே சென்றடைந்தது. 1964 டிசெம்பரில் தயாரிப்பாளர் ரொம் வில்சன், டிலனின் 1961 ஆம் ஆண்டுப் பதிவின்மேல் மின் வாத்தியங்களைச் சேர்த்துப் பார்த்தார். அது அப்போது வெளியிடப்படவில்லை. ஆயினும் இதே உத்தியை அடுத்த ஆண்டு சைமன், கார்பங்கல் இருவரின் பாடலொன்றிற் கையாண்டு வில்சன் பெருவெற்றி கண்டார். நாட்டார் பாடலும் மின்னிசையும் இணைந்த 'போக் றொக்' என்னும் வகைக்கு அனிமல்ஸ் பதிவே முன்னோடி என்று திறனாய்வாளர் பலர் கருதுவது பொருத்தமே.

மீண்டும் சிட்டைக்கு வருவோம். மரபுப் பாடல் எவருக்கும் உரியதன்று. எனவே அதற்கு உரிமைப்பணம் இல்லை. ஆனால் அதன் புதிய இசை ஒழுங்கமைப்பைச் சட்டம் ஒரு தனிப்படைப்பாகக் கொள்கிறது; விற்கப்படும் ஒவ்வொரு தட்டுக்கும், ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் ஒழுங்கமைத்தவருக்குப் பணம் சேரும். ஐவர் பெயருக்கும் சிட்டையில் இடம் போதாது, ஒருவர் பெயர் இருக்கட்டும், பின்னர் பகிர்ந்துகொள்ளலாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் குழுவினர் பிற்காலத்தில் விளக்கினர். பிரைஸ் 1965 இல் குழுவை விட்டு விலகினார். ஒழுங்கமைப்புக்குரிய வருவாய் அவருக்கே சென்றது. ஏனைய நால்வரின் மனக்குறை அவர்கள் அளித்த பேட்டிகளிற் பலமுறை வெளிப்பட்டது. ஓகன் பகுதி பிரைசின் ஆக்கமே, அதில் ஐயமில்லை. ஆனால் தொடக்க மீட்டல் வலன்ரைனுடையது, சுருதியடுக்கின் எலும்புக்கூடு டிலன் வழியாக வான் றொங்கிடமிருந்து வந்தது, இருள் வைற்றினுடையது, சொற்களின் பெரும்பகுதி மலைநாட்டினது. கூட்டுழைப்பின் பயன் தனியொருவரின் உடைமையாவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இசை வரலாற்றிற் கிடைப்பது அரிது. தொழிலாளர் வர்க்கத்து இளைஞர் ஐவர் தமக்குள்ளேயே இம்முரண்பாட்டை அனுபவிக்க நேர்ந்தமை இரங்கத்தக்கது. வலன்ரைன் 2021 சனவரியிற் காலமானார்.

ஜோர்ஜியா ரேணரின் வரலாற்றைத் தேடிச் சென்றவர் ரெட் அன்ரனி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 2007 இல் வெளிவந்த அவரது நூல் இப்பாடலின் பயணத்தைப் பற்றியது. மலைநாட்டு ஏழைகள் பல்லாயிரவரைப் போன்று ஜோர்ஜியாவும் தொழிற்சாலைகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்; மணமுடித்துப் பிள்ளைகள் பலரை வளர்த்தார். 1960களில், பாடல் உலகெங்கும் விலைபோன பின்னர், லோமாக்சின் முயற்சியால் அவருக்குச் சிறிது உரிமைப்பணம் கிடைத்தது. அன்ரனி தரும் கணக்கின்படி அது நூறு டொலரைச் சற்றே தாண்டிய தொகை. நுரையீரல் நோயினால் 1969 இல் அவர் இறந்தார். அவர் 1937 செப்டெம்பரிற் பாடிய வட்டு காங்கிரஸ் நூலகத்தின் காப்பகத்திலே பேணப்படுகிறது. அதிலே பாடலின் வேகம் சற்று விரைவானது. மெட்டில் இருள் இல்லை. குரல் சிறு பெண்ணின் குரல்.